யானை முதுகில் பொருள் சொன்ன மைனா

பெரிய ஏரியை ஒட்டி ஒரு காடு இருந்தது. அந்தக் காட்டுக்கு யானைதான் அரசன். சிங்கம் எங்கே போயிற்று என்று கேட்காதீர்கள். அங்கே சிங்கம் இருந்ததே இல்லை. யானையே போதுமானதாக இருந்தது.

யானைக்கு உடம்பு பெரிது, கண் சிறிது. காலடியில் யார் படுத்திருக்கிறார்கள் என்பது அதற்குத் தெரியாது. அதனால் அந்தக் காட்டில் வெகுகாலமாக ஒரு வழக்கம் உண்டு. யானை நடக்கும்போது சில பறவைகள் அதன் முதுகில் உட்கார்ந்து போகும். யானை ஒரு பக்கம் திரும்பப் போகிறது என்றால், திரும்புவதற்குச் சற்று முன்னால் அந்தப் பக்கத்துத் தோளில் தோல் லேசாகச் சிலிர்க்கும். கீழே நிற்பவர்களுக்கு அது தெரியாது. முதுகில் நகம் பதித்து உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் தெரியும். தெரிந்த உடனே பறவைகள் கத்தும்.

"கிழக்கே வர்றாங்க, விலகு!"

முயலும் கீரியும் காடையும் குட்டி குஞ்சுகளை இழுத்துக்கொண்டு ஓடிவிடும். யானை அதன் வழியில் போகும். இந்த வேலைக்குக் கூலியாக யானையின் முதுகில் இருக்கும் உண்ணிகளைப் பறவைகள் கொத்தித் தின்னலாம். நல்ல ஏற்பாடு. பழைய அரசி ஒரு கிழட்டுப் பெண்யானை. அவள் இருந்தவரை அவள் காலில் மிதிபட்டு யாரும் செத்ததில்லை.

அவள் இறந்தபிறகு கருங்குன்றன் அரசனானான். அவன் பெரிய கொம்பன். பிளிறினால் ஏரியின் மறுகரையில் இருக்கும் நாரைகள் எழும்பிப் பறக்கும். ஆனால் அவன் மனசு ஒரு நிலையில் நிற்காது. காலையில், "கிழக்குக் கரையில் இனி யாரும் தண்ணீர் குடிக்கக் கூடாது" என்பான். மதியம் அதே கரைக்கு வந்து, "ஏன் இங்கே ஒருவரும் இல்லை? எல்லாருக்கும் என்மேல் கோபமா?" என்று கேட்டு, நின்ற மரத்தை முறிப்பான். தவளைகளை மரத்தில் குடியேறச் சொன்னான். ஏறிய தவளைகளைப் பார்த்து, "தவளைக்கு மரத்தில் என்ன வேலை?" என்று கத்தினான். ஒருநாள் ஏரித் தண்ணீரில் தன் நிழலைப் பார்த்துவிட்டு, "யார் இந்தக் குண்டன்?" என்று அடிச்சேற்றை வாரி வாரி அடித்தான். வெகுநாள் யாரும் வாய் வைக்க முடியாதபடி தண்ணீர் கலங்கிக் கிடந்தது.

பறவைகள் "விலகு" என்று கத்துவதும் அவனுக்குப் பிடிக்கவில்லை.

"நான் என்ன திருடனா? நான் வருகிறேன் என்றால் எல்லாரும் எதிர்கொண்டு வர வேண்டாமா? ஏன் விலக வேண்டும்?" என்றான்.

அவன் சொன்ன பிறகும் வழக்கத்தை விடாமல் ஒரு கிழக் காகம் கத்தியது. கருங்குன்றன் தும்பிக்கையால் ஓர் அடி அடித்தான். அதன் பிறகு யாரும் கத்தவில்லை.

கத்துவதுதான் நின்றது. உண்ணிகள் நிற்கவில்லை. அவை முன்னைவிடக் கொழுத்துத் திரிந்தன. சும்மா உட்கார்ந்து தின்றால் கீழே இருப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? முதுகில் இருந்தவர்களில் மூத்தவர் வெண்மணியார் என்ற உண்ணிக்கொக்கு. யோசித்து யோசித்து அவர் ஒரு புது வேலையைக் கண்டுபிடித்தார். அந்த வேலைக்குப் பொருள் சொல்லுதல் என்று பெயர்.

அரசன் தினமும் காலையில் ஏரியில் இறங்கிக் குளிப்பான். அந்த நேரத்தில் விலங்குகள் எல்லாம் கரையில் கூடும். முதுகில் இருக்கும் பறவைகள், நேற்று அரசன் செய்ததற்கு என்ன பொருள் என்று விளக்கும்.

"அரசர் சேறு அடித்தார் என்று சிலர் பேசுகிறார்கள்" என்று வெண்மணியார் தொடங்குவார். "தவறு. ஏரியின் அடியில் வீணாகக் கிடந்த சத்தை மேலே கொண்டுவந்தார்."

"எங்களால குடிக்க முடியலையே" என்றது ஒரு கிழட்டு ஆமை.

கத்திவாலன் என்ற கரிச்சான்குருவிக்கு இந்த மாதிரி நேரங்களில்தான் வேலை. "உனக்குத் தாகமா, இல்லை அரசர்மேல் வெறுப்பா? முதலில் அதைச் சொல்" என்று அது பாய்ந்தது. ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது.

மூன்றாவதாகச் சேர்ந்தவள் பொன்னலகி என்ற மைனா. நல்ல குரல். எதைச் சொன்னாலும், கேட்பவருக்கு அது தானே நினைத்தது போலத் தோன்றும்படி சொல்வாள். கரையோரத்து மருதமரத்தில் ஒரு பொந்து அவள் வீடு. அதில் மூன்று குஞ்சுகள், எப்போது பார்த்தாலும் வாயைப் பிளந்துகொண்டு. அவள் புருஷன் காடெல்லாம் அலைந்து ஒரு புழு கொண்டுவருவதற்குள், அவள் அரசன் முதுகிலிருந்து வாய் நிறைய உண்ணி கொண்டுவந்துவிடுவாள். குஞ்சுகளுக்கு இரை தேடுவதைத் தவிர அவள் மனசில் வேறு கெட்ட எண்ணம் இல்லை என்று நானும் பொருள் சொல்லலாம். சொல்ல மாட்டேன்.

ஒருநாள் கருங்குன்றன் தண்ணீருக்குப் போகும் தடத்தில் நடந்துகொண்டிருந்தான். பொன்னலகியின் நகத்துக்கடியில் வலது தோள் சிலிர்த்தது. வலப்பக்கம் ஒரு புல்மேடு. அதில் முயல் குட்டி போட்டிருந்தது அவளுக்குத் தெரியும். தாய்முயல் சற்றுத் தள்ளி மேய்ந்துகொண்டிருந்தது. கத்தினால் அது ஓடிவந்து குட்டிகளைக் கவ்விக்கொண்டு போய்விடும். பொன்னலகி அலகைத் திறந்தாள்.

வெண்மணியார் அவளைப் பார்த்தார். பொன்னலகி அலகை மூடிக்கொண்டாள்.

யானை புல்மேட்டின் மேல் ஏறி, இறங்கி, மறுபடி தடத்துக்கு வந்தது. அங்கே நின்று யோசித்தது.

"நான் ஏன் அந்தப் பக்கம் போனேன்?" என்று கேட்டான் கருங்குன்றன்.

"அரசருக்குத் தெரியாததா?" என்றார் வெண்மணியார்.

"தெரியும். இருந்தாலும் நீ சொல்."

"நாளைக் காலையில் பொன்னலகி சொல்வாள், அரசே. அவள் சொன்னால் கேட்க நன்றாக இருக்கும்."

மறுநாள் காலையில் முயல் எல்லாருக்கும் முன்னால் வந்து கரையில் நின்றது. அழுது அழுது அதன் மூக்கு வீங்கியிருந்தது. ஆனால் நிதானமாகத்தான் பேசியது.

"நான் அரசரைத் தப்பு சொல்ல வரலை. காலுக்குக் கீழ என்ன இருக்குன்னு அவருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். ஒரே ஒரு தடவை கத்தியிருந்தா போதும், நான் பக்கத்துலதான் இருந்தேன். ஏன் கத்தலை?"

கத்திவாலன்கூட வாய் திறக்கவில்லை. குட்டிகளைப் பறிகொடுத்தவள்மேல் எப்படிப் பாய்வது? வெண்மணியார் தலையசைத்தார். பொன்னலகி முன்னால் வந்தாள்.

"அம்மா" என்றாள். அவள் குரல் தேனாக இருந்தது. "உன் துக்கம் எனக்குத் தெரியும். நானும் குஞ்சு வளர்ப்பவள். அந்தப் புல்மேட்டில் ஒரு கண்ணாடி விரியன் இருந்தது. உன் குட்டிகளை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது. எங்கள் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. அரசர் வாடை பிடித்தார். வழியை விட்டு ஓடி வந்து அதை நசுக்கினார். ஆனால் அதற்குள் அது தீண்டிவிட்டது. உன் குட்டிகளை அவர் கொல்லவில்லை, அம்மா. காப்பாற்ற வந்தார். இனி அந்த மேட்டில் பிறக்கும் ஒவ்வொரு குட்டியும் உன் குட்டிகளால்தான் பிழைத்திருக்கும்."

முயல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

"ஆமாம், விரியன்தான்" என்றான் தண்ணீரில் நின்ற கருங்குன்றன். அவனுக்கு அது இப்போது நன்றாக ஞாபகம் வந்துவிட்டது. "பெரிய விரியன்."

கூட்டம் பெருமூச்சு விட்டது. யாரோ அந்தப் பக்கம் பாம்புச் சட்டையைப் பார்த்ததாகக்கூடச் சொன்னார்கள். முயல் அரசனை வணங்கிவிட்டு எழுந்து போயிற்று. அன்றிலிருந்து பார்ப்பவர்களிடமெல்லாம் அந்தக் கதையைச் சொன்னது. சொல்லச் சொல்லப் பாம்பு நீண்டுகொண்டே போயிற்று.

அன்று சாயங்காலம் பொன்னலகியின் புருஷன் கேட்டான். "பாம்பு எங்க இருந்துச்சு?"

"அவ அழுகையை நிறுத்தினாளா, இல்லையா?"

"நான் அதைக் கேக்கலை."

"ஒரு தாயோட மனசை ஆத்தியிருக்கேன். அதுல என்ன குத்தம்?"

அவன் பொந்துக்குள் குஞ்சுகளை எட்டிப் பார்த்தான். பிறகு சொன்னான். "காலையில உங்க அரசர் நம்ம மரத்துல முதுகைத் தேச்சார். மரம் வேரோட ஆடுச்சு. குஞ்சுங்களுக்கு இன்னும் இறகு முளைக்கலை. எனக்குப் பயமா இருக்கு."

"நான் அவர் முதுகுலதானே இருக்கேன்! அப்படி ஏதாவதுன்னா சும்மா இருப்பேனா? ஒரு சத்தம் போட்டா நின்னுடுவார்."

"காக்கா போட்ட சத்தத்துக்கு நிக்கலையே."

"காக்காவும் நானும் ஒண்ணா? என் குரல்னா அவருக்கு உசுரு."

அவள் அதை உண்மையாகவே நம்பினாள். முதுகில் இருப்பவர்கள் எல்லாரும் நம்புவது அதைத்தான். மிதிபடுவது எப்போதும் வேறு யாரோ.

பிறகு ஒருநாள், குளித்து முடித்த கருங்குன்றன் கரையோரமாக நடந்தான். கூட்டமும் கூடவே நடந்தது. முந்தின நாள் கீரிகளையெல்லாம் காட்டைவிட்டுத் துரத்தியவன், பொழுது சாய்வதற்குள் ஆளனுப்பித் திரும்பவும் அழைத்திருந்தான். அது எவ்வளவு ஆழமான யோசனை என்று கத்திவாலன் விளக்கிக்கொண்டிருந்தது. பொன்னலகி தன் முறைக்காகக் காத்திருந்தாள்.

அப்போது அவள் நகத்துக்கடியில் இடது தோள் சிலிர்த்தது.

இடப்பக்கம் மருதமரம்.

"விலகு!" என்று கத்தினாள் பொன்னலகி. "விலகு! விலகு!"

ஒருவரும் விலகவில்லை. சின்னஞ்சிறுசுகள் அந்தச் சொல்லைக் காதால் கேட்டதே இல்லை. பெரியவர்களுக்கு அதைக் கேட்டு விலகும் பழக்கமே விட்டுப் போயிருந்தது. புதிதாக ஏதோ வாழ்த்து என்று நினைத்துக் குரங்குகள் கூட்டமாகத் திருப்பிச் சொல்லின. "விலகு! விலகு!" கருங்குன்றனுக்கு அது பிடித்திருந்தது. காதை ஆட்டிக்கொண்டு மரத்தை நோக்கி நடந்தான்.

பொன்னலகி முதுகிலிருந்து எழும்பி அவன் கண்ணுக்கு முன்னால் போய்ச் சிறகடித்தாள்.

"அரசே, நில்லுங்க! அது என் மரம். பொந்துல என் குஞ்சுங்க இருக்கு. பறக்கத் தெரியாத குஞ்சுங்க. நில்லுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

யானை நின்றது.

நிஜமாகவே நின்றது. அதை நான் மறைக்க மாட்டேன். மரத்துக்கு எதிரே, தும்பிக்கை எட்டும் தூரத்தில் நின்றான். எதற்காக இந்தப் பக்கம் திரும்பினோம் என்று அவனுக்கே தெரியவில்லை. யாராவது ஒருவர், "அரசர் குஞ்சுகளைப் பார்க்க வந்தார், பார்த்துவிட்டார்" என்று சொல்லியிருந்தால் போதும். பார்த்துவிட்டோம் என்று திரும்பிப் போயிருப்பான். அவ்வளவு எளிதாக இருந்தது அந்த நொடி.

அவன் வெண்மணியாரைக் கேட்டான். "இவள் என்ன சொல்கிறாள்?"

வெண்மணியாருக்கும் மனசு இல்லாமல் இல்லை. அவர் பொன்னலகியைப் பார்த்தார். பொந்து வாசலில் சிறகை விரித்து மறித்துக்கொண்டு நின்ற அவள் புருஷனையும் பார்த்தார். பிறகு, தான் உட்கார்ந்திருந்த அகலமான முதுகைப் பார்த்தார். கூட்டத்துக்கு நடுவில் அரசனை ஒரு மைனா தடுத்து நிறுத்தியது என்று பேச்சு வரலாமா?

"பெருமைப்படுகிறாள், அரசே" என்றார். "காட்டில் இத்தனை மரங்கள் இருக்க, தன் மரத்தைத் தேடி வந்தீர்கள் என்று ஆனந்தம். அதனால்தான் பேச்சு குழறுகிறது."

"அப்படியா?" என்றான் கருங்குன்றன். அவன் முகம் மலர்ந்தது. நெற்றியை மரத்தில் வைத்து ஒரு தள்ளுத் தள்ளினான்.

மரம் பொந்து இருந்த பக்கமாகவே சாய்ந்தது. கிளைகளுக்குள்ளிருந்து பொன்னலகியின் புருஷன் மட்டும் ஒரு சிறகை இழுத்துக்கொண்டு வெளியே வந்தான். குஞ்சுகள் வரவில்லை. கருங்குன்றன் இரண்டு தழைகளைப் பிடுங்கி மென்றான். பிடிக்கவில்லை. துப்பிவிட்டு மறுபடியும் தண்ணீரை நோக்கிப் போனான்.

மறுநாள் காலையில் வெண்மணியார் வழக்கம்போலத் தொடங்கினார். "அந்த மருதமரம் உள்ளே உளுத்துப் போயிருந்தது. என்றைக்காவது அது நம்மில் ஒருவர் மேல் விழுந்திருக்கும். அரசர் அதை முன்கூட்டியே அறிந்து..."

"பொய்" என்றாள் பொன்னலகி.

அவள் அன்று முதுகில் இல்லை. கரையில், மற்ற எல்லாருடனும் தரையில் நின்றாள். அவள் குரல் உடைந்திருந்தது.

"மரம் உளுக்கலை. தான் ஏன் திரும்புறோம்னு அரசருக்கே தெரியாது. செஞ்சு முடிச்சப்புறம் எங்களைத்தான் கேப்பார். நாங்க எதையாவது கட்டிச் சொல்லுவோம். அவரும் அதையே நம்பிக்குவார். அவர் திரும்பப் போறது எங்களுக்கு முன்னாடியே தெரியும். தோல் சிலிர்க்கும். அப்ப கத்தணும். அதுக்குத்தான் எங்களை அங்க உக்கார வச்சாங்க. உண்ணி போயிடுமேன்னு நாங்க கத்துறதில்லை. நானும்தான்."

பிறகு கத்திவாலன் மெதுவாக, மிகுந்த இரக்கத்தோடு சொன்னது. "பாவம், துக்கம் பேசுகிறது."

"குஞ்சுகளைப் பறிகொடுத்தவள். ஏதாவது சொல்லத்தான் செய்வாள்" என்றது ஒரு மான்.

"அவ சொல்ல வர்றது என்னன்னா..." என்று இழுத்தது ஆமை. தலையை ஓட்டைவிட்டு நன்றாக வெளியே நீட்டியிருந்தது. பொருள் கேட்டுக் கேட்டு அதற்கும் பொருள் சொல்ல வந்துவிட்டது. "அரசருக்கு அவமேல தனிப் பாசம். அது குறைஞ்சிடுமோன்னு பயப்படுறா. அதைத்தான் வேற மாதிரி சொல்றா."

"இல்லை" என்று கதறினாள் பொன்னலகி. "நான் சொல்றது, நான் சொல்றதுதான்!"

எல்லாரும் அவளைப் பரிவோடு பார்த்தார்கள். அவள் முயலைத் தேடினாள். அது கூட்டத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தது. தத்தித் தத்தி அதன் முன்னால் போய் நின்றாள்.

"நீயாவது சொல்லு. அன்னிக்கு நீதான் சரியாக் கேட்டே, ஏன் கத்தலைன்னு. உன் மேட்டுல பாம்பே இல்லை. நான் கட்டினது. உன் குட்டிங்களை நான்தான் சாகவிட்டேன். என்னை என்ன வேணா பண்ணு. ஆனா இவங்ககிட்ட சொல்லு."

முயல் பார்வையைத் தாழ்த்திக்கொண்டது.

"பாம்பு இருந்துச்சு" என்றது.

"இல்லை. சத்தியமா இல்லை."

"இருந்துச்சு." முயல் காதுகளை மடக்கிக்கொண்டது. "நீ இன்னிக்குச் சொல்றதை நம்பினா, என் புள்ளைங்க சும்மா செத்துப்போச்சுங்கன்னு ஆயிடும். அந்தப் பாம்பை நெனச்சுக்கிட்டுத்தான் நான் மேய்றேன். அதை நெனச்சாத்தான் எனக்குத் தூக்கம் வருது. நீயே குடுத்துட்டு நீயே புடுங்காதே."

முயல் கொஞ்சம் நகர்ந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தது. அதன் குரலில் கோபமே இல்லை. உண்மையான அன்போடுதான் சொன்னது.

"உன் மரத்துலயும் ஏதாவது இருந்திருக்கும். நல்லா யோசிச்சுப் பாரு."

தண்ணீரில் நின்ற கருங்குன்றனின் காதில் இது விழுந்தது. அவன் தும்பிக்கையைத் தூக்கினான்.

"என்ன இருந்தது?" என்று ஆவலோடு கேட்டான்.

வெண்மணியார் தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்லத் தொடங்கினார். கரையில் இருந்தவர்கள் எல்லாரும் நன்றாகக் கேட்பதற்காக இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தார்கள்.

வரப்போகும் கேட்டைக் கத்திச் சொல்ல வேண்டியவர்கள் வந்துவிட்ட கேட்டுக்குப் பொருள் சொல்லிப் பிழைத்தால், தங்கள் வீடு இடியும் நாளில் அவர்கள் போடும் கூச்சலுக்கும் ஊரார் ஒரு பொருள் சொல்லிவிட்டுப் போவார்கள்.